வனராஜா

இலங்கை மலையகத்தில், ஹற்றனில் பஸ் ஏறி டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குப் போகிறவர்களுக்கு வனராஜா என்றால் ஒரு தேயிலைத் தோட்டம். கண்டக்டர் அந்தப் பெயரை இழுத்துக் கூவும்போது இரண்டொருவர் குடையைக் கையில் பிடித்தபடி எழுந்து நிற்பார்கள். சிறுவயதில் அதைக் கேட்கும்போதெல்லாம், பழைய கண்டி ராஜா ஒருவரின் பெயராகவோ, எப்போதோ அந்தப் பக்கம் திரிந்த சிறுத்தைக்கு ஆட்கள் வைத்த பெயராகவோ இருக்குமென்று நினைத்துக்கொள்வேன். அதே பெயரில் காட்டில் ஒரு பூச்செடி உண்டென்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதைக் காட்டித் தந்தவர் காட்டோர எல்லையில் நெடுங்காலம் வாச்சராக இருந்த என் தாய்மாமா.

மஸ்கெலியாப் பக்கம் தேயிலை மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஒரு பெப்ரவரி மாதக் காலையில், காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு அட்டைகளுக்குப் பயந்து நடந்துகொண்டிருந்தோம். மாமா திடீரென்று குந்தி உட்கார்ந்து, "இந்தா இருக்கார் பாரு ராஜா" என்றார். எனக்கு ஈரச் சருகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவர் விரலால் ஒரு சருகை ஒதுக்கிய பிறகுதான், என் உள்ளங்கையில் பாதி அளவுகூட இல்லாத நான்கைந்து இலைகள் தரையோடு தரையாக விரிந்து கிடப்பதைக் கண்டேன். கறுப்பென்றும் சொல்ல முடியாத, ஊதாவென்றும் சொல்ல முடியாத வெல்வெட் நிறம். அதன் மேல் செம்புக் கம்பியை நூலாக இழுத்துப் பின்னியதைப் போல நரம்பு வலை. தலையைச் சாய்த்துப் பார்த்தபோது அந்த வலை பொன்னாகி, நிமிர்ந்தபோது மறுபடி செம்பானது. இலையின் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக இருந்தது.

பூவும் இருந்தது, ஆனால் பூவைப் பார்த்து யாரும் இதற்கு ராஜாவென்று பெயர் வைத்திருக்க மாட்டார்கள். சாண் உயரத்துக்கு மேல் வராத, மெல்லிய மயிர் படர்ந்த தண்டின் நுனியில் வெள்ளைப் பூக்கள் நான்கு. ஒவ்வொன்றின் கீழிதழும் இருபுறமும் சீப்புப் பல்லைப் போலக் கிழிந்து தொங்கியது. இது ஓர்கிட் குடும்பத்துச் செடி. மரத்தில் தொற்றாமல், மட்கிய சருகில் வேர் ஊன்றித் தண்டு தரையில் ஊர்ந்து வளர்கிற வகை. ஓர்கிட் என்றாலே பூதான் பேச்சாக இருக்கும் உலகத்தில், இலைக்காகப் பெயர் வாங்கியது இது. வெயில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே வந்து சேரும் காட்டுத் தரையில் கிடப்பதால், கிடைக்கிற வெளிச்சத்தை வீணாக்காமல் பிடித்துக்கொள்ள அந்த வெல்வெட் பரப்பு உதவுகிறது. வெல்வெட்டாகத் தெரிவதெல்லாம் உண்மையில் சிறு கூம்புகளாக எழும்பி நிற்கும் மேற்றோல் உயிரணுக்கள்தான்.

வனம் காடு, ராஜா அரசன். பெயரின் பொருள் அவ்வளவுதான். தமிழில் 'காட்டரசன்' என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. காட்டரசன் என்றதும் பிடரிமயிரோடு சிங்கம் வந்து நின்றுவிடும். வனராஜா என்பதோ எங்கள் ஆட்களின் வாயில் பஸ் தரிப்பிடமாகவே ஊறிப்போன சொல். தாவரவியலாளர்களுக்கும் இந்த அரச மயக்கம் இருந்திருக்கிறது. 1825இல் புளூமே என்பவர் ஜாவாச் செடியை வைத்து அனொக்டோகைலஸ் என்று இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டார். திறந்த உதடு என்பது அதன் கிரேக்கப் பொருள். இலங்கைச் செடிக்கு வழங்கும் அறிவியல் பெயர்களில் ஒன்றின் பின்பாதி 'ரீகாலிஸ்', அதாவது அரசனுக்குரியது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இத்தகைய செடிகளைக் கண்ணாடிக் கவிகைக்குள் வைத்து வளர்ப்பது பெருமைக்குரிய பொழுதுபோக்காக இருந்தது. அதே காலத்தில் இங்கே கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றி அந்தக் கோப்பியைக் கொன்றபின், அதே மலைகளில் தேயிலை ஏறியது.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மாமா முன்னே நடந்த நேரத்தில், வேரோடு ஒரு சிறு கொப்பைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன். பால்மா டின்னில் காட்டு மண்ணையே நிரப்பி நட்டு, வாசலில் நிழலாக வைத்தேன். மூன்றாவது வாரத்தில் நரம்பின் செம்பு மங்கியது, ஐந்தாவது வாரத்தில் தண்டு கணுக்கணுவாக அழுகியது. தூசியை ஒத்த இதன் விதையில் முளைக்கு உணவு கிடையாது. மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும். அந்த உறவையும் காட்டின் ஈரத்தையும் டின்னுக்குள் கொண்டுவர முடியாதென்பதை நான் பின்னால்தான் படித்தேன். காட்டு ஓர்கிட்டைப் பிடுங்குவதும் விற்பதும் சட்டத்துக்கு விரோதமாகலாம் என்பதையும் பின்னால்தான் படித்தேன். மாமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இதற்கு ஒரு தோழனும் உண்டு. இலையின் நடுவே வெள்ளிக் கோடு ஓடும் இன்னொரு தரை ஓர்கிட்டைச் சிங்களவர் 'இருராஜ' என்பார்கள். இரண்டையுமே நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்துவார்கள். சிங்களத்தில் 'இரு' என்றால் சூரியன். மாமாவுக்கு அது தமிழ்ச் சொல்லாகவே காதில் விழுந்திருக்கிறது. இருராஜா என்றால் இரண்டு ராஜா, ஆகவே ஒருவனைக் கண்ட இடத்தில் மற்றவனும் இருந்தே தீரவேண்டும் என்பது அவருடைய கணக்கு. சூரியன் என்று நான் எடுத்துச் சொன்னபோது, "இந்த இருட்டுக்குள்ள ஏதுடா சூரியன்?" என்று கேட்டுவிட்டு, குனிந்தபடியே பக்கத்திலிருந்த ஒரு கல்லின் மறுபக்கத்துச் சருகையும் விலக்கத் தொடங்கினார். அவர் காற்சட்டையில் ஓர் அட்டை முழங்கால்வரை ஏறிவிட்டிருந்தது.