மலைக்கு ஒரு பேச்சு: நாகாலாந்தில் ஒரு நவம்பர்

திமாப்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நாகாலாந்துக்குள் நுழைந்துவிட்டோம் என்ற எண்ணமே வராது. மார்வாடி மளிகைக் கடை, வங்காளி மிட்டாய்க் கடை, பீகார்க்காரரின் டீக்கடை, பக்கத்தில் நேபாளிக் குடும்பம் நடத்தும் மோமோ கடை, எல்லாம் சமவெளியில், புழுதிக்கு நடுவே. ஊருக்குள்ளேயே பழைய கச்சாரி அரசர்களின் கோட்டை இருந்த இடம் இருக்கிறது. சதுரங்கக் காய்களைப் போல உச்சியில் குடை விரித்த மணற்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. இது திமாசா கச்சாரிகளின் தலைநகராக இருந்த ஊர், அவர்கள் நாகர்கள் அல்ல. ஆக இந்த மாநிலத்தில் நான் முதலில் பார்த்த பழங்குடியின் அடையாளமே நாகா அடையாளம் கிடையாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கிளம்புவதற்கு முன் யூடியூபில் தமிழ் வீடியோக்களைத் தேடியபோது வந்ததெல்லாம் ஒரே மாதிரி. முகத்தில் பச்சை குத்திய கிழவர் படம், மேலே சிவப்பு எழுத்தில் 'தலை வெட்டும் மனிதர்கள்', கீழே நாய்க்கறி. இரண்டும் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 20 லட்சம் பேர் வாழும் மாநிலத்தை அந்த இரண்டு படங்களுக்குள் அடக்குவது சோம்பேறித்தனம்.

முதலில் பர்மிட். இன்னர் லைன் பர்மிட் இல்லாமல் வெளி மாநிலத்தவர் நாகாலாந்துக்குள் போக முடியாது. ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். திமாப்பூருக்கு மட்டும் நெடுங்காலம் விலக்கு இருந்தது, 2019-இல் அதையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். 'சொந்த நாட்டுக்குள் எதற்கு அனுமதி' என்று நம் ஆட்கள் கோபப்படுவார்கள். 1873-இல் வெள்ளைக்காரன் தன் தேயிலைத் தோட்ட வசதிக்காகப் போட்ட சட்டம்தான் இது, மறுக்கவில்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சிக்குள் மட்டும் 46 லட்சம் பேர். அதில் பாதிகூட இல்லாத ஒரு மாநிலம் தன் நிலத்தையும் எண்ணிக்கையையும் நினைத்துக் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது.

கோஹிமாவுக்கு ஷேர் சுமோவில் போனேன். 70 கிலோமீட்டரை ஒட்டிய தூரம்தான், ஆனால் சாலை அகலப்படுத்தும் வேலையும் மண்சரிவும் சேர்ந்துகொண்டால் எத்தனை மணி நேரம் என்று யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள். மெட்சிபெமா பக்கம் சாலையோரம் அன்னாசி விற்கிறார்கள். நார் தெரியாத இனிப்பு, கட்டாயம் நிறுத்திச் சாப்பிடுங்கள். வண்டியில் ஓர் ஆவோ இளைஞர், ஒரு சுமி அம்மா, ஒரு லோத்தா வாத்தியார். மூன்று பேரும் நாகர்கள்தான், ஆனால் ஒருவர் தாய்மொழி மற்றவருக்குச் சுத்தமாகப் புரியாது. நாகாமீஸ் என்ற, அசாமியிலிருந்து சந்தைத் தேவைக்காக உருவான கலப்பு மொழியில்தான் பேசிக்கொண்டார்கள். மாநிலத்தின் ஆட்சிமொழி ஆங்கிலம். வாத்தியாரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, ஒரு பழங்குடியின் மொழியை மற்றவர்கள் மேல் திணித்தால் மாநிலமே இரண்டாகும், அதனால் யாருடையதும் அல்லாத ஒன்று என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, உங்கள் ஊரிலும் இந்தி விஷயத்தில் ஏதோ அப்படித்தானே என்றார். நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்த கேள்வி அது.

கோஹிமாவில் எல்லோரும் போகும் இடம் போர்க் கல்லறை. இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரலில் ஜப்பானியப் படை பர்மா வழியாக இங்கே வரைக்கும் வந்தது. அவர்களும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கிரனேடு வீசிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த மைதானத்தின் கோடுகளை இப்போதும் வெள்ளைக் கல்லில் காட்டி வைத்திருக்கிறார்கள். 1,420 கல்லறைகள். மேலே தனியாக ஒரு நினைவுச்சின்னம், தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களோடு. பெயர்களைப் படித்துக்கொண்டே போகையில் பஞ்சாப் எங்கே, கோஹிமா எங்கே என்று தோன்றியது. இந்தச் சண்டை நடந்தது இந்தப் பகுதியின் நாகப் பழங்குடியான அங்காமிகளின் வீடு, வயல், தோட்டத்துக்கு மேல் என்பது அந்தப் புல்வெளியின் அழகில் மறந்துபோகிறது. ஊரே எரிந்துபோயிருக்கிறது, அதற்குத் தனிக் கல் எதுவும் என் கண்ணில் படவில்லை.

மார்க்கெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பட்டுப்புழு, குளவிக் கூட்டோடு உயிருள்ள புழுக்கள், நத்தை, பையில் தவளை, கட்டுக்கட்டாகக் காட்டுக்கீரை, புகை போட்ட பன்றிக்கறி, இலையில் பொட்டலம் கட்டிய ஆக்குனி. ஆக்குனி என்பது புளிக்க வைத்த சோயா, சுமிகளின் கைச்சரக்கு. வாடை தூக்கும், முதல் வாய் கஷ்டம்தான், நம் கருவாட்டுக் குழம்பு பழகியவர்களுக்கு இரண்டாவது வாயில் சரியாகிவிடும். ராஜா மிளகாயை மட்டும் மதிக்காமல் விடாதீர்கள். நாய்க்கறி விஷயம்: 2020-இல் மாநில அரசு விற்பனைக்குத் தடை போட்டது, 2023-இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. எல்லா நாகர்களும் சாப்பிடுவதில்லை, சாப்பிடுபவர்களும் தினமும் சாப்பிடுவதில்லை. நமக்கு வேண்டாமென்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

அங்கிருந்து கோனோமா. கோஹிமாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், மலைச்சரிவில் கல்படிகளாக ஏறும் ஊர், கீழே படிக்கட்டு வயல்கள், நான் போனபோது அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. 1879-இல் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் படையோடு இங்கே வந்து கொல்லப்பட்டார், அதன் பிறகு வெள்ளைக்காரர்கள் ஊரை முற்றுகையிட்டார்கள், அடுத்த வருடம்தான் அங்காமிகள் சமாதானத்துக்கு வந்தார்கள். நாகர் தனிநாடு கேட்ட ஃபிசோவும் இந்த ஊர்க்காரர்தான். இங்கே ஒருவரிடம் 'இந்தியா' என்ற சொல்லைப் பயன்படுத்துவதற்கு முன் கொஞ்சம் யோசித்தேன், வீணான யோசனை, நான் தங்கிய வீட்டு அம்மாவே அரசியலை ஆரம்பித்துவிட்டார். 1958-இல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்ததே நாகர் மலைகளை வைத்துத்தான் என்றும், தன் அப்பா காலத்தில் ஊரைக் காலி செய்துவிட்டுக் காட்டில் கிடந்ததையும், அடுப்பில் கல்ஹோ (அரிசியும் கீரையும் குழையக் காய்ச்சிய கஞ்சி) கிளறிக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் எல்லாம் இல்லை. அப்புறம் அவர் என்னிடம் கேட்டது: "என் தங்கச்சி மகள் உங்க சென்னையில பியூட்டி பார்லர்ல வேலை பாக்குறா. அவளைப் பாக்குறவங்க எல்லாம் நேபாளியா, சைனாவான்னு கேக்குறாங்களாம். ஏன்ப்பா அப்படி?" நான் என்ன பதில் சொல்ல? பள்ளிக்கூடத்தில் வடகிழக்கைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது மாநிலங்களின் தலைநகரம் மட்டும்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டு, எங்களுக்கும் உங்களைப் பற்றி இட்லியும் ரஜினியும்தான் தெரியும் என்றார்.

கோனோமாவின் பெருமை வேறு. வேட்டை இவர்களின் ரத்தத்தில் ஊறியது. வீட்டுச் சுவர் முழுக்க மிருகங்களின் மண்டையோடு மாட்டியிருக்கும். அப்படிப்பட்ட ஊர் 1998-இல் தானாகவே தன் காட்டில் ஒரு பகுதியைச் சரணாலயம் என்று அறிவித்து, வேட்டையை நிறுத்தியது. டிராகோபான் என்ற சிவப்புக் காட்டுக்கோழிக்காக. வனத்துறை வந்து போட்ட வேலி இல்லை, ஊர்ச்சபை போட்ட விதி, மீறினால் அபராதம். விவசாயத்திலும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு: மலைச்சரிவு வயல்களில் ஆல்டர் மரத்தை வேரோடு வெட்டாமல் ஆள் உயரத்தில் கிளைகளை மட்டும் கழிக்கிறார்கள், வேர் மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கிறது, சில வருடத்தில் மரம் மறுபடி தழைக்கிறது. 'காட்டை எரித்து விவசாயம் செய்யும் பழங்குடிகள்' என்று ஒரே வரியில் எழுதிவிடுபவர்கள் இதை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

வேட்டையை விட்ட கதை இன்னொன்று, வோக்கா மாவட்டத்தில், லோத்தாக்களின் ஊரான பாங்டியில். சைபீரியா, வடசீனா பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவின் தெற்கு நோக்கிப் பறக்கும் அமுர் வல்லூறுகள் அக்டோபர், நவம்பரில் டோயாங் நீர்த்தேக்கத்தின் ஓரம் லட்சக்கணக்கில் இறங்கும். 2012-இல் மீன்வலையை மரத்துக்கு மரம் கட்டி ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொன்ற படங்கள் வெளியே வந்தபோது உலகமே திட்டியது. அடுத்த வருடமே, 2013-இல், வலைகள் கட்டப்படவில்லை. சர்ச்சும் ஊர்ச்சபையும் சேர்ந்து எடுத்த முடிவு. அந்த வருடம் சாட்டிலைட் டேக் மாட்டி விட்ட பறவைகளுக்கு நாகா, பாங்டி, வோக்கா என்று பெயர் வைத்தார்கள். எனக்கு வழி காட்டிய பையன், அந்த வல்லூறுக் காசில்தான் தன் ஸ்கூல் ஃபீஸ் கட்டியதாக ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். நிறுத்தச் சொன்னவர்கள் எல்லோரும் அதற்கு மாற்று வருமானம் காட்டவில்லை என்ற மனக்குறையும் அவனுக்கு உண்டு. விடியற்காலையில் அந்தப் பறவைகள் கிளம்பும்போது வானம் உண்மையிலேயே கறுத்துப்போகிறது, போனில் எடுத்த வீடியோவில் வெறும் புள்ளிதான் தெரிந்தது, அதனால் இங்கே போடவில்லை.

மோகோக்சுங்கை ஓர் இரவில் கடந்தேன், ஆவோக்களின் சுத்தமான, படித்த ஊர். 1872-இல் அமெரிக்க மிஷனரி கிளார்க் இந்த ஆவோ மலைகளுக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார்.

மோன் மாவட்டத்துக்குப் போவது ஒரு தனிக் கூத்து. மலைவழியாகப் போக நாள் பிடிக்கும், அதனால் பெரும்பாலானோர் அசாமுக்குள் இறங்கி, சோனாரியைத் தொட்டு, மறுபடி நாகாலாந்துக்குள் ஏறுகிறார்கள். வழியெல்லாம் தேயிலைத் தோட்டம். அங்கே வேலை செய்பவர்கள் ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆதிவாசிகளின் பேரப்பிள்ளைகள். இலங்கை மலையகத்தின் கதை தெரிந்த நமக்கு அந்த லைன் வீடுகளைப் பார்த்ததும் விளக்கம் தேவைப்படாது.

மோனைத் தாண்டி லோங்வா. கொன்யாக்குகளின் ஊர். தலைவரை ஆங் என்கிறார்கள், அவர் வீட்டுக்கு நடுவே இந்திய-மியான்மர் எல்லை போகிறது. அடுப்பங்கரை ஒரு நாடு, படுக்கை ஒரு நாடு என்று எல்லா வீடியோவிலும் வரும் வீடு இதுதான். வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு வேடிக்கை இல்லை. ஒரே ஊர், ஒரே குடும்பம், வயல் அந்தப் பக்கம். எல்லையை ஒட்டி 16 கிலோமீட்டர் வரை தடையின்றிப் போய்வரும் ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது, வேலி போடும் பேச்சும் உண்டு. நான் தங்கிய வீட்டுக்காரர், வேலி வந்தால் என் மாமியாரைப் பார்க்க விசா வாங்க வேண்டுமா என்று கேட்டார். பாதி கிண்டல், பாதி நிஜம்.

முகத்தில் பச்சை குத்திய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தலை கொண்டுவந்தவனுக்கு உரிய அடையாளம் அது, ஊருக்கும் ஊருக்கும் நடந்த நிலச்சண்டையோடு சேர்ந்தது, போகிறவர் வருகிறவர் தலையை எடுக்கும் பழக்கம் அல்ல. 1960-களோடு நின்றுபோனது. போட்டோவுக்குக் காசு கேட்கிறார்கள் என்று புலம்பும் பதிவுகளைப் படித்திருக்கிறேன். கேட்கட்டுமே. அவர் முகத்தை வைத்து நமக்கு லைக் வருகிறது, அவருக்கு டீக்காசு வரக் கூடாதா? நான் கொடுத்தேன், போட்டோ எடுக்கவில்லை, அடுப்போரம் அவரோடு கட்டாஞ்சாயா குடித்தேன். அபின் இந்த ஊர்களை உள்ளுக்குள் அரித்திருப்பதையும் கண்ணால் பார்த்தேன், அதை மறைத்து அழகாக எழுத எனக்கு மனமில்லை.

இதே மாவட்டத்தில்தான் ஓடிங் இருக்கிறது. 2021 டிசம்பர் 4 அன்று நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து வண்டியில் வீடு திரும்பிய 6 பேரை ராணுவத்தினர் தீவிரவாதிகள் என்று சுட்டுக் கொன்றார்கள், தொடர்ந்த கலவரத்தில் இன்னும் உயிர்கள் போயின. நம் ஊரில் இரண்டு நாள் செய்தி. மோனில் யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்தில் அந்தப் பெயர் வந்துவிடுகிறது.

இங்கே கிழக்கில் இன்னொரு கோபமும் உண்டு, அது டெல்லி மேல் அல்ல, கோஹிமா மேல். சாலை, காலேஜ், அரசு வேலை எல்லாம் அங்காமிக்கும் ஆவோவுக்கும்தான், எங்களுக்கு எதுவும் இல்லை என்று கிழக்கு மாவட்டங்கள் தனி ஏற்பாடு கேட்டுவந்தன. 2024 மக்களவைத் தேர்தலில் ஆறு மாவட்டங்களில் மக்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. கோஹிமாவில் என்னோடு பேசியவர்களுக்கு இந்தக் கோரிக்கை மேல் பெரிய இரக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இனமாகத் தெரிவது உள்ளே போனால் இப்படித்தான் இருக்கிறது. பெண்கள் விஷயமும் அப்படி: சந்தை முழுக்கப் பெண்கள் கையில், ஆனால் 1963-இல் உருவான மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு முதல் பெண்கள், இரண்டே பேர், ஜெயித்தது 2023-இல்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். டிசம்பர் 1 முதல் 10 வரை கிசாமாவில் ஹார்ன்பில் திருவிழா, எல்லாப் பழங்குடிகளையும் ஒரே மைதானத்தில் பார்க்கலாம், ஆனால் அறை வாடகை எகிறும், அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும். கையில் பணமாக வைத்துக்கொள்ளுங்கள், மோன் பக்கம் ஏடிஎம்மை நம்ப முடியாது. நவம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், சுமோக்கள் விடியற்காலையில் கிளம்பிவிடும், முந்தின நாளே கவுண்டரில் இடம் சொல்லி வையுங்கள். 1989-லிருந்து மதுவிலக்கு, வீடுகளில் அரிசிக் கள் கொடுத்தால் அது வேறு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ஊர் மாறலாம் என்று திட்டம் போடாதீர்கள். எல்லோரும் சர்ச்சில் இருப்பார்கள், டீக்கடைகூடத் திறக்காது.