இருபத்து நான்கு பேர் குளிக்க எவ்வளவு விறகு?

கானாடுகாத்தான் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் சென்ற மார்கழியில் படைப்பு, அதாவது பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் விழா, நடந்தது. வீட்டில் பங்குள்ளவர்கள் நான்கு பேர். செலவையும் நான்காகப் பிரிப்பது வழக்கம். அரிசி, காய், வேட்டி, சேலை என்று எல்லாவற்றுக்கும் நோட்டில் ஒரு வரி இருக்க, 24 பேர் இரண்டு நாள் விடியற்காலையில் குளிக்கும் வெந்நீருக்கு மட்டும் இதுவரை யாரும் கணக்கு எழுதியதில்லை என்பதைச் சித்தப்பா கண்டுபிடித்தார். "கேஸா, கரண்டா, விறகா, எது மலிவு என்று பார்த்துச் சொல்லப்பா" என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. கேட்கும்போது அரைமணி நேர வேலை என்றே நினைத்தேன்.

அடிப்படைக் கணக்கு எளியது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். மார்கழி விடியலில் எங்கள் மாடித் தொட்டியின் தண்ணீர் 25 டிகிரி இருந்தது. பெரியவர்கள் சுகமாகக் குளிப்பது 40 டிகிரியில். ஆக ஒருவருக்கு ஒரு வாளி, அதாவது 20 லிட்டர், 15 டிகிரி ஏற வேண்டும்: 300 கிலோகலோரி. மின்சாரத்தில் ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரி என்பதால், ஒரு குளியலுக்குத் தண்ணீரில் போய்ச் சேர வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 0.35 யூனிட். எரிபொருள் எதுவானாலும் இந்த எண் மாறாது. எரிந்த வெப்பத்தில் எவ்வளவு தண்ணீருக்குள் போகிறது, எவ்வளவு ஊருக்குப் போகிறது என்பதில்தான் வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 11,000 கிலோகலோரி கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில், அதற்கென்று வரையறுத்த பாத்திரத்தை வைத்து அளப்பது. நம் வீட்டு அடுப்பும் நசுங்கிய அலுமினியப் பாத்திரமும் அந்தத் தேர்வை எழுதியவை அல்ல. எனவே காரைக்குடியில் என் வீட்டிலேயே அளந்து பார்த்தேன். சிலிண்டரைத் தொங்கு தராசில் மாட்டி எடை பார்த்துவிட்டு, 20 லிட்டர் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை ஐந்து முறை சூடாக்கி, மீண்டும் எடை பார்த்தேன். ஒரே முறையோடு நிறுத்தினால் தராசின் பிழையே விடையை விழுங்கிவிடும் என்பதால்தான் ஐந்து முறை. மூடி போடாமல் 640 கிராம் குறைந்தது. மூடி போட்டு மறுபடி செய்தபோது 550 கிராம். திறனாகச் சொன்னால் முன்னது 48 சதவீதம், பின்னது 56. ஒரு தட்டு செய்த வேலை அவ்வளவு.

மூடியைப் பற்றி இங்கே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் வெந்நீர் என்றால் தளதளவென்று கொதித்தாக வேண்டும். கொதிக்காத தண்ணீரை அப்பத்தா வெந்நீர் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. 100 டிகிரி வரை ஏற்றிப் பச்சைத் தண்ணீர் கலந்தாலும், 60 டிகிரியில் நிறுத்திக் கலந்தாலும், வாளியில் சேரும் வெப்பம் ஒன்றுதான். ஆனால் வழியில் இழப்பது ஒன்றல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக மாறும்போது 540 கிலோகலோரி எடுத்துக்கொண்டு போகிறது. அண்டாவைக் கொதிக்க விட்டு, குளிப்பவர் வரும் வரை வெறுமனே ஆவி பறக்க விட்டால், அரை லிட்டர் குறைவது கண்ணுக்கே தெரியாது. ஆனால் கிட்டத்தட்ட ஒருவர் குளிக்கும் வெப்பம் ஓட்டைத் தாண்டிப் போயிருக்கும். கொதிக்கும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் தரையில் நடப்பதன் ஆபத்தைக் கணக்கில் சேர்க்காமலே இது.

விலைக்கு வருகிறேன். 14.2 கிலோ சிலிண்டரை, கணக்கு எளிதாக இருக்க, 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். 56 சதவீதத் திறனில் ஒரு சிலிண்டரில் 291 குளியல். ஒன்றுக்கு 3 ரூபாய் 9 காசு. மின்சாரத்தில் ஹீட்டரின் சூடு இழப்புக்குப் பத்து சதவீதம் விட்டால் ஒரு குளியலுக்கு 0.39 யூனிட். இரண்டும் சமமாக வரும் இடத்தைத் தேடினால், யூனிட் விலை ஏறக்குறைய 8 ரூபாயில் நிற்கிறது. அதற்குக் கீழே மின்சாரம் மலிவு, மேலே எரிவாயு மலிவு.

இதில் பலர் தவறுவது, மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி விலையைப் போடுவதில்தான். விளக்கும் மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் எப்படியும் ஓடும். வெந்நீருக்கான யூனிட்டுகள் அவற்றின் மேல் ஏறி உட்காருபவை. ஆகவே அவற்றின் விலை, நம் வீடு தொடும் கடைசிக் கட்டணப் படியின் விலை. 2022 செப்டம்பரில் அமலான தமிழக வீட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதக் கணக்குக்கு முதல் 100 யூனிட் இலவசம். 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6 ரூபாய். 501 முதல் 600 வரை 8 ரூபாய். 500-ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் 2.25 ரூபாயிலிருந்து 4.50-க்கு மாறிவிடுவதால், அந்த ஒரு படியைத் தாண்டுவதற்கே 225 ரூபாய் தனியாகப் போகும். விகிதங்கள் அதன்பின் சற்று உயர்ந்திருந்தாலும் என் வீட்டு முடிவு மாறவில்லை: 500 யூனிட்டுக்குள் நிற்கும் மாதங்களில் ஹீட்டர், தாண்டும் மாதங்களில் அடுப்பு. சித்திரை வைகாசியில் இரண்டுமே வேண்டாம். எங்கள் வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரை ஆற வைத்துத்தான் குளிக்க வேண்டியிருக்கிறது.

பூர்வீக வீட்டின் கதை வேறு. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டில், காவலுக்கு இருப்பவர் எரிக்கும் விளக்குகளுக்கு இரண்டு மாதத்திற்கு 60 யூனிட்கூட ஆவதில்லை. படைப்பின் 48 குளியலுக்கும் சேர்த்து 19 யூனிட்தான் ஆகும் என்பதால், அது முழுவதும் இலவச நூறுக்குள் அடங்கிவிடும். வெந்நீர்ச் செலவு பூஜ்யம். இதைச் சொன்னபோது சித்தப்பாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மலர்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. ஒரு காலைக்கு 24 குளியல் என்றால் 9.4 யூனிட், 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று அதைத் தர நான்கு மணி நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். சமைக்கும் பெண்கள் எல்லோரும் விடியுமுன் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைய வேண்டும். இரண்டு மூன்று ஹீட்டர் போடலாம் என்றால், தேக்கு விட்டத்தின் ஓரமாக எந்தக் காலத்திலோ மரப்பட்டையில் அடித்து ஓட்டிய வயர்கள் அதைத் தாங்கா. வீட்டு எரிவாயு அடுப்பின் இரண்டு பர்னரையும் முழுதாகத் திறந்தாலும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் காப்பிக்கு யார் பால் காய்ச்சுவது? எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான், எவ்வளவு விரைவாக வேண்டும் என்பதைப் பார்க்கத் தவறியிருந்தேன்.

ஆகவே வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் இருக்கும் கோட்டை அடுப்பும் செம்பு அண்டாவும்தான் மிஞ்சின. 100 லிட்டர் அண்டாவை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர, நன்றாகக் காய்ந்த வேலிக்கருவை விறகு ஆறரை கிலோவும் ஐம்பது நிமிடமும் ஆயின. காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500 கிலோகலோரி தரும் என்று கொண்டால், திறன் 15 சதவீதம்தான். அண்டாவின் வெளிப்புறம் படிந்திருந்த கரியைச் சுரண்டி, அடுப்பு வாயைச் செங்கல் வைத்துக் குறுக்கினால் இன்னும் தேறும் என்று எனக்குத் தோன்றியது; "அடுப்பைத் தொடாதே" என்று அடுப்படியிலிருந்து ஒரே குரலாக வந்ததால் விட்டுவிட்டேன். ஈர விறகாக இருந்தால் விறகில் உள்ள தண்ணீரைக் காய்ச்சுவதற்கே நெருப்பில் ஒரு பங்கு போகும் என்பதை மட்டும் முதல் நாளே சொல்லி, கொல்லையில் மழையில் நனைந்து கிடந்த கட்டை ஒதுக்க வைத்தேன்.

ஒரு வாளிக்கு 60 டிகிரி வெந்நீர் எட்டரை லிட்டர், மீதி பச்சைத் தண்ணீர். 24 பேருக்கு இரண்டு அண்டாவும் இன்னும் கொஞ்சமும். இரண்டு காலைக்கும் சேர்த்து 27 கிலோ விறகு, கிலோ 7 ரூபாய் வீதம் 189 ரூபாய். எரிவாயுவில் செய்திருந்தால் 148 ஆகியிருக்கும். நாற்பத்தொரு ரூபாய் கூடுதல் கொடுத்து நாங்கள் வாங்கியது நேரம்.

சித்தப்பா நோட்டில் "வெந்நீர்: விறகு 27 கிலோ, ரூ. 189" என்று எழுதி, நான்கால் வகுத்து, பங்குக்கு 47 ரூபாய் 25 காசு என்று கோடு போட்டார். 25 காசு நாணயம் 2011-லேயே செல்லாததாகிவிட்டதால், நான்கு பங்கின் கால் ரூபாயும் அந்த நோட்டில் இன்னும் நிலுவையாக நிற்கிறது.