நாய் ரீச்சர்

2024 ஒக்டோபர் 31

தீபாவளி. விடிய நாலரைக்கே முன்வீட்டுப் பெடியன்கள் சீனவெடியைக் கொளுத்திவிட்டார்கள். எங்கள் நாய் வீரன் சங்கிலியை அறுத்துக்கொண்டு தகர வேலிக்கு மேலால் பாய்ந்து போனவன்தான். பின்னேரம் ஐந்து மணிக்கு, இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு மதகுக்குக் கீழே கண்டுபிடித்தேன். பிஸ்கட் நீட்டினேன், திரும்பியும் பார்க்கவில்லை. கழுத்துப்பட்டியைப் பிடிக்கக் கையை விட்டேன், கடித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அவனுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது, என்றாலும் நானும் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். மாமி, "ஆரிட்டையும் குடுத்துத் துலை" என்கிறார். அம்மா, "வைரவற்றை வாகனம், வாயை வைக்காதை" என்கிறார். வீரன் என்று பெயர் வைத்தவள் நான். அதற்கு வேறு வெட்கம்.

2024 நவம்பர் 9

கந்தோரில் ஒருவர் தந்த நம்பருக்கு எடுத்து, இன்றைக்கு கோண்டாவிலில் இருந்து ஒரு அக்கா ஸ்கூட்டியில் வந்தார். நாய் பழக்க வருகிறவர் பூட்ஸ் போட்ட ஓர் ஆம்பிளையாக இருப்பார் என்று நானாகவே நினைத்து வைத்திருந்தேன். ஐம்பது வயதிருக்கும், சட்டை போட்ட சாதாரண அக்கா.

வந்தவர் வீரனைப் பார்க்கவே இல்லை. விறாந்தைப் படியில் அவனுக்குப் பக்கவாட்டாக இருந்து பிளேன்ரீ குடித்தார். அம்மாவோடு ஒடியல் மா விலையைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைத்தார். இடைக்கிடை பையில் இருந்து ஒரு நெத்தலிக் கருவாட்டை, ஏதோ கை தவறி விழுந்த மாதிரி, பின்னால் போட்டார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு இரண்டாயிரம் ரூபாயா?

கடைசியில் வீரன் வந்து அவருடைய செருப்பை மணந்தான். அக்கா அசையவில்லை. "நாக்காலை மூக்கை நக்குறான், பாத்தியளோ? பசியில்லை, பயம். கொட்டாவி விட்டாலும் நித்திரை எண்டு நினையாதையுங்கோ." வெளிக்கிடும்போது சொன்னது ஒன்றுதான்: "முதல் அந்தச் சங்கிலியைக் கழட்டுங்கோ. ஓட வழியில்லாத நாய்தான் கடிக்கும்."

அம்மா அவருக்கு 'நாய் ரீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்.

2024 நவம்பர் 16

வெடிச்சத்தத்தை போனில் பதிந்து கொண்டு வந்திருந்தார். எனக்கே கேட்டும் கேட்காத அளவு சத்தம். போட்டதும் ஒரு நெத்தலி, நிறுத்தியதும் நெத்தலி இல்லை. ஐந்து நிமிடம், அவ்வளவுதான். எங்கள் காதுக்கு 20,000 ஹேர்ட்ஸ்தான் எல்லை, நாய்க்கு 45,000 வரை கேட்கும். எங்களுக்குச் சின்னச் சத்தம் அவனுக்கு என்னவாக இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

அவசரத்தில் நான் சத்தத்தைக் கூட்டினேன். வாயில் இருந்த கருவாட்டைத் துப்பிவிட்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். அக்கா ஏசவில்லை. "சாப்பிடேல்லை எண்டா நாங்கள் கெதியாப் போட்டம் எண்டு அர்த்தம். பிழை அவன்ரை இல்லை." எனக்கு மதகடி ஞாபகம் வந்தது. பிஸ்கட்டைத் திரும்பியும் பார்க்காத நாயிடம்தானே கையை நீட்டினேன்.

2024 நவம்பர் 27

விடாத மழை. வளவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், கிணற்றுக்கட்டு வரை ஏறிவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு அக்கா எடுத்தார். "நாயை உள்ளுக்கை எடுத்தனீரோ? சீமெந்துத் தரையிலை விடாதையும், சாக்கு ஒண்டு விரிச்சுவிடும்."

வெளியூர்க்காரருக்காக ஒரு விளக்கம்: 'நீங்கள்' என்பதற்கும் 'நீ' என்பதற்கும் நடுவில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு 'நீர்' இருக்கிறது. வளவு நிறைய நீர், போனிலும் நீர். அன்றைய நாளில் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

2024 டிசம்பர் 14

வெள்ளம் வடிய, காய்ச்சலில் ஆட்கள் செத்த செய்தி. எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியாகிவிட்டது. அக்கா வந்து வீரனின் ஊசி அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். அந்த நோய்க்கான ஊசி தவணை தப்பி நாலு மாதம். மிருக வைத்தியரிடம் போக, என்னை ஸ்கூட்டியில் முன்னால் விட்டு, வீரனை ஓட்டோவில் ஏற்றித் தானும் வந்தார். இது பயிற்சிக் கணக்கில் சேராது என்றார்.

2025 ஜனவரி 12

பொங்கலுக்கு இன்னும் இரண்டு நாள். சத்தம் இப்போது போனில் பாதிக்கு மேல். வீரன் காதை மடிக்கிறான், ஆனால் சாப்பிடுகிறான்.

"இரு" என்று சொல்லிக் கொடுங்கள் என்று நான் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாருடைய நாயும் இருக்கிறதே. இன்றைக்குத்தான் அக்கா தன் கதையைச் சொன்னார். சண்டை முடிந்த பிறகு ஆறு வருசம் கண்ணிவெடி அகற்றும் வேலை. முதல் நாலு வருசம் முகமாலையில், முழங்காலில் நின்று, கையால். பேந்து வன்னிப் பக்கம், நாய்களோடு.

வெடிமருந்தின் மணத்தைப் பிடித்ததும் அந்த நாய் குரைக்காது, கிண்டாது. அப்படியே குந்தி இருந்துவிடும். இருந்து, ஆளைத் திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான் அதன் பேச்சு. பிறகு ஆட்கள் போய் அந்த இடத்தைக் கையால் பார்ப்பார்கள். நாய்க்குக் கூலி ஒரு ரப்பர் பந்து.

"நீர் எல்லாம் நாயை இருக்கச் சொல்லுறீர். எனக்கு நாய் இருந்தா நெஞ்சு நிக்கும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இப்போதும் றோட்டோரம் ஒரு தெருநாய் திடீரென்று குந்தினால் அவருடைய கால் தானாக நின்றுவிடுமாம்.

'இரு' வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'வா' மட்டும் காணும்.

2025 பெப்ரவரி 8

இரவு பதினொன்றரைக்கு அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணாவுக்கோ, நாலு வீடு தள்ளி இருக்கிற மாமிக்கோ எடுக்கவில்லை. என் விரல் தேடிப் போனது அக்காவின் நம்பரை. எனக்கே பிறகுதான் தெரிந்தது.

பதினைந்து நிமிடத்தில் படலையில் ஸ்கூட்டிச் சத்தம். "அழாதை. தலையணியை இஞ்சாலை வை. நீ அம்மாவோடை போ, நான் இவனோடை நிக்கிறன்."

2025 பெப்ரவரி 13

அம்மா வீட்டுக்கு வந்தாயிற்று. ஐந்து நாளும் அக்கா எங்கள் விறாந்தையில்தான் படுத்தார். குசினியில் என்ன எங்கே இருக்கிறது என்று இனி என்னைவிட அவருக்குத் தெரியும். உறையில் காசு வைத்துக் கொடுத்தேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. (இதை 18ஆம் திகதி சேர்த்து எழுதுகிறேன்.)

2025 ஜூலை 6

கறுத்தக்கொழும்பான் மாமரம் காய்த்துக் கொட்டுகிறது. நல்லதாகப் பார்த்து முப்பது பொறுக்கி, சாக்கில் கட்டி கோண்டாவிலுக்குக் கொண்டுபோனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். 'நன்றி' என்ற சொல் எங்கள் ஆட்களின் வாயில் மேடையில்தான் வரும், அதுவும் நன்றியுரைக்கென்று பெயர் போட்ட ஆளின் வாயில். வீட்டுக்குள் சொன்னால் கேட்கிறவர் பயந்துபோவார்.

"காய் கனக்க" என்றேன். "பழுக்க வைக்கோலுக்கை வைக்கோணும்" என்றார். முடிந்தது.

2025 ஓகஸ்ட் 21

நல்லூர்த் தேர். வீரனை அம்மாவோடு விட்டுவிட்டு அக்காவும் நானும் போனோம். சனத்துக்குள் இடிபட்டு, ஆளுக்கொரு சரை கச்சான். தன் பழைய நாய் ஒன்றுக்கும் கச்சான் விருப்பம் என்றார். பெயரைச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

2025 ஒக்டோபர் 20

விடிய நாலே முக்காலுக்கு முதல் வெடி. நானும் வீரனும் நடு அறையில், யன்னல் சாத்தி, காற்றாடியைக் கூட்டிவிட்டு, தரையில். நடுங்கினான். நெத்தலியை நீட்டினேன். கனநேரம் பார்த்துவிட்டு எடுத்தான். வேலி பாயவில்லை. கட்டிலுக்குக் கீழே தலையை மட்டும் வைத்துக்கொண்டான், உடம்பு வெளியே.

போன் அடித்தது.

"சாப்பிட்டானோ?"

"ஆறு நெத்தலி."

"நீ சாப்பிட்டியோ?"

"இன்னும் இல்லை."

"படலையைத் திற. வெளியிலைதான் நிக்கிறன், இடியப்பம் ஆறுது."