ரோடு பைக்கில் கிறீச் சத்தம்: பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றும் முன்

மிதிக்கும்போது கிறீச் என்று கேட்டாலே பழி பாட்டம் பிராக்கெட் மேல்தான் விழுகிறது, அதாவது பிரேமின் அடியில் கிராங்கின் அச்சு சுழலும் பேரிங் தொகுதி மேல். சத்தமும் காலடியிலிருந்து வருவது போலத்தான் இருக்கும். அதை நம்ப வேண்டாம். பிரேமின் குழாய்கள் சத்தத்தை நன்றாகக் கடத்தும். சீட் போஸ்ட்டில் கிளம்பியதுகூடக் கீழே கேட்கும். ஸ்பேனரை எடுக்கும் முன் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் அடங்கினால் சீட், அதன் கம்பிகளைப் பிடிக்கும் கிளாம்ப், சீட் போஸ்ட், இவற்றில் ஒன்றுதான். மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டும் சத்தம் தொடர்ந்தால் சக்கரத்தைப் பாருங்கள். பைக்கை நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்தி ஆட்டும்போது கேட்டால் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) அல்லது ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்).

மிதிக்கும்போது மட்டும் கேட்கிறதா? எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை என்று எண்ணுங்கள். கிராங்கின் (பெடலைத் தாங்கும் கையின்) ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தால் பெடல், கிளீட் (ஷூவைப் பெடலில் பூட்டும் துண்டு), கிராங்க், செயின்ரிங் (முன் பல்சக்கரம்) போல்ட். இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் ஒரு தடவை 'டிக்' என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. 50 பல் செயின்ரிங்கில் 108 கண்ணி செயின் ஒரு முழுச் சுற்று வர, கிராங்க் 2.16 சுற்று சுற்ற வேண்டும். கணக்கு அதுதான்.

கிறீச் ஏன் வருகிறது? இறுகியிருக்க வேண்டிய இரண்டு பரப்புகள், உலர்ந்தோ மண் படிந்தோ, பாரம் ஏறும்போது மயிரிழை அளவு வழுக்கி மீண்டும் பிடிப்பதால். அதனால் போல்ட்டை இன்னும் இன்னும் முறுக்குவது தீர்வல்ல. கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, சரியான டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) இறுக்க வேண்டும். ஒரு தடவையில் ஒரே இடத்தைத் தொட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் காரணம் எது என்று கடைசிவரை தெரியாது.

முதலில் பெடல். மரையைத் துடைத்துக் கிரீஸ் போட்டு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், மறக்க வேண்டாம். அடுத்து சீட் போஸ்ட்: உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு உருவுங்கள். அலுமினிய பிரேமில் அலுமினிய போஸ்ட் என்றால் கிரீஸ். இரண்டில் ஒன்று கார்பனாக இருந்தாலும் கார்பன் பேஸ்ட்தான் (வழுக்காமல் பிடிக்க உதவும் பசை). கிளாம்பில் எந்த எண் அச்சிட்டிருக்கிறதோ அதைத் தாண்டக் கூடாது.

பலரும் தவறவிடுவது டிரெய்லியர் ஹேங்கர், அதாவது பின் கியர் மாற்றும் பாகத்தைப் பிரேமில் மாட்டும் சிறு துண்டு. பிரேமோடு அது ஒட்டும் பரப்பில் மணல் போலப் பொடி சேர்ந்தால், சத்தம் அச்சு அசலாகப் பாட்டம் பிராக்கெட் சத்தம்தான். கழற்றி இரு பக்கமும் துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். பின் அச்சு பிரேமில் உட்காரும் இடத்தையும் அப்படியே. ஸ்போக்குகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் ஊசி முனையால் ஒரு சொட்டு எண்ணெய் போதும். ஸ்பிரே அடித்தால் டிஸ்க்கில் பட்டு பிரேக் கெட்டுவிடும்.

இத்தனைக்குப் பிறகுதான் பாட்டம் பிராக்கெட். மரை வகை என்றால் கழற்றித் துடைத்து, கிரீஸ் போட்டு, தயாரிப்பாளர் சொல்லும் டார்க்கில் இறுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மரையில்லாமல் அழுத்திச் செருகும் பிரஸ் ஃபிட் வகையில்தான் தலைவலி. பேரிங்கைத் தாங்கும் கப் உட்காரும் துளையின் அளவு துளி பிசகினாலும் கப் அசையும், வெறும் கிரீஸ் நெடுநாள் தாங்காது. அதற்கென்று உள்ள ஒட்டும் திரவம் வேண்டும். கார்பன் பிரேமில் அதைப் போடும் முன் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று பாருங்கள்.

அதற்கும் அடங்கவில்லையென்றால் பிரேமைக் கழுவித் துடைத்து, பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியும் ஹெட் டியூப் (பிரேமின் முன்பக்கக் குழாய்) இணைப்பிலும் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். துடைத்தும் போகாத மெல்லிய கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். பிரேமை விவரம் தெரிந்தவரிடம் காட்டும்வரை பைக்கை எடுக்காதீர்கள்.