எடைக்காட்டியும் கணினியும் பேசாமல் இருந்த நாள்கள்

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு முதல் லோரி எடைமேடையில் ஏறி நின்றது. எடைக்காட்டியில் சிவப்பு எண்கள் ஓடி 3,870இல் நிலைத்தன. கணினித் திரையில் அந்த எண் வந்து விழ வேண்டிய கட்டம் மட்டும் வெறுமையாகவே இருந்தது. மறுபடியும் அழுத்தினேன். "போர்ட்டைத் திறக்க முடியவில்லை" என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. அன்று 2025 அக்டோபர் 13. தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவில் செம்பனைக் குலை வாங்கும் ரேம்ப் ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். ஊரின் பெயர் 2007இல் மாறிவிட்டது. ஆனாலும் எங்களிடம் பழம் கொண்டு வருகிற பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் மூன்று ஏக்கர், நான்கு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள். பல பேர் ஒரு காலத்தில் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். லோரியின் மொத்த எடை, பழத்தை இறக்கிய பின் வெற்று வண்டியின் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்: அந்த நிகர எடைதான் அவர்களுடைய இரண்டு வார வரும்படி. அந்த எண் மனிதக் கைபடாமல் எடைக்காட்டியிலிருந்து நேராகச் சீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பவள். தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதிய எடையைக் கேள்வி கேட்க முடியாத காலத்தில் என் பாட்டி பால் வாளி தூக்கியவர்.

முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை, ரேம்ப் மூடியிருந்த நேரத்தில், கணினியை விண்டோஸ் 10இலிருந்து விண்டோஸ் 11க்கு நான்தான் மாற்றினேன். அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது என்று ஆண்டு முழுவதும் திரையில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கணினியில்தான் வங்கிக் கணக்கைத் திறந்து எல்லாருக்கும் பணம் அனுப்புகிறோம்; பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயந்திரத்தில் அந்த வேலையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2019இல் வாங்கியது, எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கிறது. விண்டோஸின் சொந்தச் சோதனைச் செயலியே பொருந்தும் என்று சொல்லிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் மாற்றம் முடிந்தது. இணையம் வந்தது, ஒலி வந்தது. மூன்று தாள் சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மட்டும் முரண்டு பிடித்தது. அதற்கு விண்டோஸிலேயே இருக்கும் 'ஜெனரிக், டெக்ஸ்ட் ஒன்லி' என்ற இயக்க மென்பொருளை (டிரைவரை) தேர்ந்தெடுத்ததும் எழுத்துகள் ஒழுங்காக விழுந்தன. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். எடைமேடையை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை. இப்படி மாற்றம் செய்கிற யாரும் முதலில் சோதிக்க வேண்டியது, எது இல்லாவிட்டால் மறுநாள் பிழைப்பு நிற்குமோ அதைத்தான்.

எங்கள் எடைக்காட்டி ஆர்எஸ்-232 என்ற பழைய முறையில் பேசுகிறது. ஒன்பது ஊசிகள் கொண்ட செருகி. இப்போதைய பெரும்பாலான கணினிகளில் அந்தத் துளை (போர்ட்) கிடையாது. அதனால் நடுவில் யூஎஸ்பி கேபிள் ஒன்று இருக்கிறது. அதன் தடித்த தலைக்குள் இருக்கும் சிறிய சில்லுதான் ஒரு மொழியை இன்னொன்றாக மாற்றுகிறது. அந்தச் சில்லோடு விண்டோஸ் பேசுவதற்குத் தேவையான மென்பொருள்தான் டிரைவர். இவ்வளவும் இப்போது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை தெரியாது.

கணினியோடு இணைந்த சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தபோது போர்ட் வரிசையில் மஞ்சள் முக்கோணம் இருந்தது. சாதனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்திலேயே ஒரு செய்தி: இந்தச் சில்லு 2012இலிருந்து கைவிடப்பட்டது, உங்களுக்கு விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள். எங்களுக்கு விற்றவர் என்றால் எடைமேடை போட்டவர்கள்தானே என்று எண்ணி அவர்களை அழைத்தேன். வந்து பார்க்காமலே, எடைக்காட்டி பழையது, புதிய விண்டோஸுக்கு ஒத்துவராது, மாற்ற வேண்டும் என்றார்கள். சில ஆயிரம் ரிங்கிட் ஆகும், தீபாவளிக்குப் பிறகுதான் ஆள் வரும் என்றும் சொன்னார்கள். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் எடைக்காட்டியைப் பார்த்தேன். அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டுதான் இருந்தது.

பழம் காத்திருக்காது. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், விலை குறையும். அதனால் எடையைக் கண்ணால் பார்த்து விசைப்பலகையில் அடிக்கத் தொடங்கினேன். அப்படி அடித்தால் சீட்டின் ஓரத்தில் 'கைப்பதிவு' என்று விழும். சிலர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்தார்கள். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. மதியம் ஒரு பெரியம்மா சீட்டை ஜன்னல் வழியே திருப்பி நீட்டினார். "அம்மாடி, பெட்டியில 1,430 என்று பார்த்தேன். இதில் 1,340 என்று இருக்கிறதே?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. இரண்டு எண்களை இடம் மாற்றி அடித்திருந்தேன். 90 கிலோ. அவருக்கு அது எழுபது, எண்பது ரிங்கிட். உடனே திருத்திக் கொடுத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு லோரி நிற்கும்போதும் எடைக்காட்டியைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை என் அண்ணன் மகன் வந்தான். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறான். வந்தவன் கணினியைத் தொடவே இல்லை. "அத்தை, இதில் மூன்று பேர் இருக்கிறார்கள். எடைக்காட்டி, கேபிள், கணினி. யார் பேசவில்லை என்று தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம்" என்றான். தன்னுடைய பழைய விண்டோஸ் 10 மடிக்கணினியை எடுத்து, அதே கேபிளைச் செருகி, கேபிள் வழியே வருவதை அப்படியே திரையில் காட்டும் 'புட்டி' என்ற இலவச மென்பொருளைத் திறந்தான். திரையில் குப்பை எழுத்துகளாகக் கொட்டியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "இல்லை அத்தை, இது நல்ல செய்தி. ஏதோ வருகிறது. வேகம்தான் பொருந்தவில்லை" என்றான். மேசை இழுப்பறையில் 2014இல் எடைமேடை போட்டபோது எழுதிக் கொடுத்த மஞ்சள் தாள் இருந்தது. வேகம் 2400, தரவு பிட் 7, இரட்டைப்படைச் சரிபார்ப்பு, நிறுத்த பிட் 1. அதையே புட்டியில் கொடுத்ததும் எடைகள் வரிவரியாக ஓடின. நான் மேடையில் ஏறி நின்றேன். எண் மாறியது. ஆக, எடைக்காட்டியில் குறை இல்லை. சில ஆயிரம் ரிங்கிட் அந்த நிமிடத்தில் மிச்சமானது.

பிறகுதான் அவன் காரணத்தை விளக்கினான். இந்தக் கேபிளில் இருக்கும் வகைச் சில்லுகளைப் போலிகள் செய்து சந்தையில் நிறைய விற்றார்கள். அசலைச் செய்த நிறுவனம் பழைய வகையின் தயாரிப்பை நிறுத்தியதோடு, தன் புதிய டிரைவர் அந்தப் பழைய சில்லுகளைக் கண்டால் இயங்க மறுக்கும்படியும் எழுதிவிட்டது. அதில் போலிகளோடு பழைய அசல்களும் அகப்பட்டுக்கொண்டன. எங்கள் கணினியில் இத்தனை நாளும் குறுந்தட்டிலிருந்து போட்ட பழைய டிரைவர் இருந்ததால் ஓடியது. விண்டோஸ் 11 வந்தபோது புதிய டிரைவரையும் கூட்டி வந்துவிட்டது. கேபிள் கெடவில்லை, விண்டோஸும் கெடவில்லை. இடையில் இருந்த அந்தச் சிறிய மென்பொருள் மட்டும் மாறியிருந்தது.

அன்றிரவே பழைய டிரைவரைத் திரும்பப் போட்டோம். வழி இதுதான்: டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, டிரைவரைப் புதுப்பி என்பதற்குள் போய், இணையத்தில் தேடச் சொல்லாமல் என் கணினியிலேயே பார்க்கிறேன் என்று தேர்ந்தெடுத்து, அதற்குள் பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன் என்ற வரியை அழுத்த வேண்டும். குறுந்தட்டில் இருந்ததை ஏற்றிய பின், பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு பதிப்புகள் தெரிந்தன. 2010ஆம் ஆண்டுத் தேதியிட்டதைத் தேர்ந்தெடுத்தோம். மஞ்சள் முக்கோணம் போனது. புதன்கிழமை முழுவதும் ஒரு சீட்டிலும் 'கைப்பதிவு' விழவில்லை.

வியாழக்கிழமை காலை கணினியைத் திறந்தால் மீண்டும் மஞ்சள் முக்கோணம். இரவில் விண்டோஸ் அப்டேட் புதிய டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார்த்தியிருந்தது. விண்டோஸின் புரோ பதிப்பில், அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்று ஒரு கொள்கையை அமைக்கலாம். எங்களுடையது ஹோம் பதிப்பு. அதில் அந்தப் பக்கமே இல்லை. பழைய டிரைவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தேன், வேலை செய்தது. ஆனால் நாளை எந்த நேரத்தில் மாறும் என்று தெரியாமல் எடைமேடையை நடத்த முடியாது.

முதலாளி பொறுமை இழந்துவிட்டார். "பழைய விண்டோஸுக்கே போய்விடுவோம் அம்மா. பத்து நாளுக்குள் திரும்பலாம் என்கிறார்களே?" என்றார். உண்மைதான். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரெகவரி, அதற்குள் திரும்பிப் போ என்ற பொத்தான் இருக்கிறது. மாற்றிய நாளிலிருந்து பத்து நாள் வரை அது இருக்கும். பிறகு பழைய கோப்புகள் அழிந்துவிடும். அக்டோபர் 22 வரை எனக்கு அவகாசம் இருந்தது. அன்று மதியம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பினால் எடை வரும். ஆனால் வங்கிப் பணம் போகும் கணினி காப்பில்லாமல் நிற்கும். விண்டோஸ் 10க்கும் இன்னும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் பெறப் பதிந்துகொள்ளலாம் என்பது தெரியும். ஆனாலும் அங்கேயும் ஏதாவது ஓர் இரவில் இதே புதிய டிரைவர் வந்து உட்கார்ந்தால்? குறை இருப்பது கேபிளின் சில்லில். ஓராண்டு தள்ளிப் போட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும். "சனிக்கிழமை வரை நேரம் கொடுங்கள் அண்ணே. சரிவராவிட்டால் நானே திருப்பிவிடுகிறேன்" என்றேன். அவர் சம்மதித்தார்.

அண்ணன் மகன் வெள்ளிக்கிழமை கோலாலம்பூருக்குப் போய் வேறு கேபிள் வாங்கி வந்தான். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில்லு உள்ளது; அறுபது ரிங்கிட்டுக்குச் சற்று மேல். பதினைந்து ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறதாம். உள்ளே என்ன சில்லு என்று கடைக்காரரே சொல்லாத கேபிளை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். எடைக்காட்டியில் செருகுவதற்கு முன் அவன் ஒரு சோதனை செய்து காட்டினான். கேபிளின் கணினிப் பக்கத்தைச் செருகி, மறுமுனையை எதிலும் செருகாமல், இரண்டாம் ஊசியையும் மூன்றாம் ஊசியையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தான். ஒன்று பேசும் ஊசி, மற்றது கேட்கும் ஊசி. புட்டியில் நான் எதை அடித்தாலும் அது அப்படியே திரையில் திரும்பி வந்தது. கிளிப்பை எடுத்ததும் நின்றுவிட்டது. கேபிளும் டிரைவரும் நலம் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. எங்கள் எடைக்காட்டியில் ஆண்டுச் சோதனையின் முத்திரை இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க எனக்கு உரிமை இல்லை. வெளியிலிருந்தே இவ்வளவும் கண்டுபிடிக்க முடிந்தது.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. புதிய கேபிள் காம் 5 என்ற போர்ட் எண்ணில் வந்து நின்றது. எங்கள் எடை மென்பொருளில் காம் 1 முதல் காம் 4 வரைதான் இருக்கிறது. எண்ணை மாற்றலாம்: போர்ட்டின் பண்புகளில் போர்ட் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு. ஆனால் காம் 3ஐத் தொட்டால் பயன்பாட்டில் உள்ளது என்றது. பழைய கேபிளைக் கழற்றி மேசையில் வைத்த பிறகும் விண்டோஸ் அதற்கான இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. டிவைஸ் மேனேஜரின் பார்வை மெனுவில் மறைந்த சாதனங்களைக் காட்டு என்றதும், கடந்த காலத்தில் செருகியவை எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. பழைய போர்ட்டை நீக்கினோம். காம் 3 விடுபட்டது. புதிய கேபிளுக்கு அதைக் கொடுத்து, கணினியை மூன்று முறை நிறுத்தித் திறந்தேன். மூன்று முறையும் எண் மாறவில்லை.

சனிக்கிழமை காலை முதல் லோரி ஏறியது. எடைக்காட்டியில் 4,120. அடுத்த நொடியில் என் திரையிலும் 4,120. முதலாளி ஜன்னலுக்கு வெளியே நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேநீர் சொல்லப் போய்விட்டார்.

கேபிளின் தலையில் ஒரு துண்டு நாடா ஒட்டி, காம் 3, 2400, 7, இரட்டை, 1 என்று எழுதினேன். மஞ்சள் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடைமேடை அறைச் சுவரில் ஒட்டினேன். பழைய கேபிளை யாரும் எடுத்துச் செருகிவிடக் கூடாது என்று அதன் மேல் சிவப்பு நாடா சுற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு முந்தைய நாள், வீட்டில் முறுக்கு சுடும் வேலையை அம்மாவிடம் விட்டுவிட்டு ரேம்புக்கு வந்தேன். கைப்பேசியில் எடுத்த படங்களையும் கைப்பதிவுச் சீட்டுகளையும் ஒன்றுக்கொன்று வைத்துச் சரிபார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு சீட்டில் வெற்று வண்டியின் எடையை 60 கிலோ கூட்டி அடித்திருந்தேன். அந்தச் சிறுதோட்டக்காரருக்கு அது தெரியாது; அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. முதலாளியிடம் சொல்லித் திருத்தச் சீட்டு அடித்து, மீதிப் பணத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டை வாங்கி முதல் முறையாக எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.