வாகையடி முக்கில் எத்தனை பாகை?

நம் கணக்கு சார்வாளைப் பற்றி ஒரு பக்கமாவது இல்லாமல் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலர் வந்தால் எனக்கு மனசு ஆறாது. விளையாட்டு விழா, ஆண்டு விழா நாடகம் பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறது. எனக்கு எழுதத் தோன்றுவது அவருடைய வடிவியல் வகுப்பு.

மரத்தில் செய்த பெரிய கவராயத்தைத் தோளில் கலப்பை மாதிரி சாய்த்துக்கொண்டு வருவார். சாக்பீஸ் பிடியில் நிற்காது என்பதால் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி இறுக்கியிருப்பார். கரும்பலகையில் ஒரே வீச்சில் வட்டம். அதற்குள் ஆரம், விட்டம், நாண், வில். வெளியே ஒரு புள்ளியில் மட்டும் உரசிப் போகும் தொடுகோடு. வரையறை எழுதச் சொல்வது கடைசியில்தான். "பேரு மட்டும் தெரிஞ்சாப் போதாதுல. ஊருக்குள்ள அது எங்க கிடக்குன்னு காட்டு" என்பார்.

நாங்களும் காட்டினோம். திருச்செந்தூர் போகும் தண்டவாளம் இணைகோடு. ரயில்வே கேட்டில் அதைச் சாய்வாகக் கடக்கும் ரோடு குறுக்குவெட்டி. அங்கே உண்டாகும் எட்டுக் கோணங்களில் ஒன்றின் அளவைச் சொன்னால் மீதி ஏழையும் அவர் சொல்லிவிடுவார். ஒத்த கோணங்கள் சமம், குத்தெதிர்க் கோணங்கள் சமம், அடுத்தடுத்து இருப்பவை சேர்ந்தால் 180. ஏதோ மந்திரம் போடுகிறார் என்று கொஞ்ச நாள் நினைத்தோம். அப்புறம் நாங்களே சொல்ல ஆரம்பித்தோம்.

உச்சம் என்றால் ஆனித் தேரோட்டம் முடிந்து நடந்த வகுப்புதான். வடம் பிடித்த கை எரிச்சலோடு உட்கார்ந்திருந்தோம்.

"நெல்லையப்பர் தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது எந்தப் பக்கம் பாத்து நிக்கு?"

சொன்னோம்.

"நாலு ரத வீதியும் சுத்தி நிலைக்கு வந்தப்புறம்?"

"அதே பக்கம்தான் சார்வாள்."

"அப்போ மொத்தம் எவ்வளவு திரும்பிருக்கு?"

முழுச் சுற்று, 360 பாகை. இதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், அடுத்த கேள்வி போட்டார்: ஒவ்வொரு முக்கிலும் எவ்வளவு? 90 என்று கத்தினோம். "ரத வீதியை யாரும் மூலைமட்டம் வச்சுப் போடலலே. ஒரு முக்குல 87 இருக்கும், இன்னொண்ணுல 94 இருக்கும்" என்றவர், பலகையில் கோணலாக ஒரு நாற்கரம் வரைந்து பக்கங்களை நீட்டினார். வீதி அப்படியே நேராகப் போயிருந்தால் போகும் கோட்டுக்கும், தேர் திரும்பிப் போகும் கோட்டுக்கும் நடுவே இருப்பது வெளிக்கோணம். தேர் திரும்புவது அந்த அளவுதான். உள்ளே இருக்கும் கோணத்தோடு சேர்ந்தால் 180. அதற்குத்தான் மிகைநிரப்பு என்று பெயர். எந்த முக்கு எப்படிக் கோணினாலும் நாலு வெளிக்கோணத்தையும் கூட்டினால் 360. வீதி மூன்றாக இருந்தாலும் ஐந்தாக இருந்தாலும் அதே 360. உட்கோணங்களின் கூடுதல்தான் 180, 360, 540 என்று ஏறிக்கொண்டே போகும். சூத்திரத்தை அதற்குப் பிறகுதான் எழுதினார்.

இன்னொன்று. பள்ளியில் புது அறைக்கு அஸ்திவார வானம் தோண்ட நூல் பிடித்தபோது எங்களை அங்கே நிறுத்தினார். கொத்தனார் மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வரும்வரை முளையை நகர்த்தினார். அதுதான் செங்கோணம், குறுக்கே போனது கர்ணம். "அண்ணாச்சி, 6, 8, 10 வச்சாலும் வருமா?" என்று சார்வாள் தெரியாதவர் போலக் கேட்டார்.

"பெரிய கட்டடத்துக்கு அப்படித்தான் சார் வைப்போம். பெருசா வச்சாப் பிசகு கம்மி."

பித்தாகரஸ் தேற்றத்தை நிரூபிக்கும் பாடத்தில்கூட இந்தச் சங்கதி கிடையாது. மஸ்கட்டில் கட்டடப் பணியில் இருக்கும் எனக்கு, நிரூபணத்தைவிட இதுதான் சோறு போட்டது. இப்போது லேசர் கருவி வந்துவிட்டது. ஆனாலும் சந்தேகம் வந்தால் டேப்பை எடுத்து 6, 8, 10 பார்த்துவிடுவேன்.

அடுத்த ஆனிக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். வாகையடி முக்கில் தேர் எத்தனை பாகை திரும்புகிறது என்று சார்வாள் கடைசிவரை சொல்லவே இல்லை. கைபேசி வரைபடத்தில் ஒரு பாகைமானியை வைத்துப் பார்த்தாலும் சரி, நேரில் நூல் பிடித்தாலும் சரி. அளந்து சங்கத்துக்கு அனுப்புங்கள். மற்ற மூன்று முக்கையும் சேர்த்து அளந்தால் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.