அலாட்மென்ட் தோட்டங்களை ஏன் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்ப்பதில்லை?

இங்கிலாந்தில் கவுன்சில்கள் (உள்ளாட்சி மன்றங்கள்) வெளியிடும் காலநிலைத் திட்டங்களில் சிலவற்றைத் தேடித் தேடிப் படித்தேன். மரம் நடுவது, மின்சார பஸ், வீடுகளைச் சூடாக்கும் முறையை மாற்றுவது எல்லாம் பக்கம் பக்கமாக வருகிறது. அலாட்மென்ட் தோட்டம் வந்தால் இரண்டே வரி, அதுவும் பொழுதுபோக்கு, மனநலம் என்ற தலைப்பின் கீழ். மனநலத்துக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நகரத்தின் கையில் இருக்கும் மிகச் சிறந்த மண்ணைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எழுதிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தெரியாதவர்களுக்கு: கவுன்சில் தன் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வீட்டுத் தேவைக்குக் காய்கறி, பழம் விளைவித்துக்கொள்ள வருட வாடகைக்கு விடுவதுதான் அலாட்மென்ட். முழுத் துண்டு என்றால் வழக்கமாக 250 சதுர மீட்டர் அளவுக்கு இருக்கும், இப்போது பல இடங்களில் பாதியாகப் பிரித்தே கொடுக்கிறார்கள். கேட்பவர்கள் இருந்தால் கவுன்சில் போதுமான இடம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது (உள் லண்டன் மட்டும் இதற்கு விலக்கு). அலாட்மென்ட்டுக்கென்றே கவுன்சில் வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்கவோ வேறு வேலைக்கு மாற்றவோ கூடாது என்று 1925 சட்டம் சேர்த்தது. அந்தச் சட்டங்களை எழுதியவர்கள் உழைக்கும் குடும்பங்களின் சாப்பாட்டைப் பற்றித்தான் யோசித்தார்கள், கார்பன் பற்றியோ வெள்ளம் பற்றியோ அல்ல. இருந்தாலும் அவர்கள் போட்ட பூட்டினால்தான் நகரங்களின் நடுவே தார் போடாத, சிமெண்ட் ஊற்றாத மண் இத்தனை காலம் தப்பிப் பிழைத்திருக்கிறது.

அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லெஸ்டர் நகரத்து அலாட்மென்ட் மண்ணையும் சுற்றியுள்ள விளைநிலங்களின் மண்ணையும் ஒப்பிட்டு 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அலாட்மென்ட் மண்ணில் அங்ககக் கரிமம் (மட்கிய இலைதழைகளிலிருந்து மண்ணில் சேரும் கார்பன்) 32% அதிகம், மண் இறுகிப்போவதும் குறைவு. காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம்: பெரிய வயல்களில் கனரக இயந்திரம் ஓடுகிறது, விளைச்சல் வெளியே போகிறது, திரும்பி வருவது பெரும்பாலும் ரசாயன உரம். அலாட்மென்ட்டில் உதிர்ந்த இலை, சாணம், சமையலறைக் கழிவு, பிடுங்கிய களை எல்லாம் மட்கி அதே மண்ணுக்குத் திரும்புகிறது, அதை யாரோ ஒருவர் மண்வெட்டியோடு வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிறார். அப்படிப்பட்ட மண் பெருமழையைக் குடித்துக்கொள்ளும், கோடையில் ஈரம் காக்கும். கவுன்சில் கான்கிரீட் போட்டுக் கட்டும் வடிகால் எவ்வளவு என்று பட்ஜெட்டில் இருக்கிறது, இந்த மண் உறிஞ்சும் நீருக்கு எந்தக் கணக்கும் இல்லை.

பூச்சிகள் விஷயமும் அப்படித்தான். பிரிஸ்டல், எடின்பரோ, லீட்ஸ், ரெடிங் ஆகிய நான்கு நகரங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தேனீ போன்ற மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளுக்கு அலாட்மென்ட்டும் வீட்டுத் தோட்டங்களும்தான் முக்கியமான இடங்கள் என்று தெரியவந்தது. அலாட்மென்ட் பரப்பைக் கூட்டினால் அந்தப் பூச்சிக் கூட்டங்கள் நகரம் முழுவதும் இன்னும் உறுதிப்படும் என்றும் சொன்னார்கள். ஒட்ட வெட்டிய பூங்காப் புல்லில் ஒரு தேனீக்கு என்ன கிடைத்துவிடும்?

ஆனால் அலாட்மென்ட் என்றாலே இயற்கைக்கு நல்லது என்று நான் சொல்லமாட்டேன். களைக்கொல்லியைத் தாராளமாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள், சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுக்கும் பீட் கலந்த மூட்டைகளைக் கொண்டுவந்து கொட்டுபவர்களும் இருக்கிறார்கள். இங்கேதான் கவுன்சிலின் கையில் ஒரு நல்ல கருவி இருக்கிறது: வாடகை ஒப்பந்தம். களைக்கொல்லிக்குக் கட்டுப்பாடு, பீட் கூடாது, ஒவ்வொரு கொட்டகைக் கூரையிலிருந்தும் மழைநீர் பீப்பாய்க்கு ஒரு குழாய் என்று அதில் எழுதினால் அது அப்படியே சுற்றுச்சூழல் கொள்கை, புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. நான் பார்த்த ஒப்பந்தங்கள் சில இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. ஓரத்தில் கொஞ்சம் புல்லை உயரமாக வளரவிட்டால் "பயிரிடாத நிலம்" என்று நோட்டீஸ் வரும், மருந்தடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

ஜெர்மனியைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. அங்கே 1983ஆம் ஆண்டு சிறுதோட்டச் சட்டம் ஒரு துண்டு 400 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, குடில் 24 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது, வாடகைக்கும் உச்சவரம்பு வைக்கிறது. சுற்றுச்சூழல், இயற்கைப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பயிரிடும்போது கவனத்தில் கொள்ள வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நகரத் திட்ட வரைபடத்தில் நிரந்தரத் தோட்டமாகக் குறித்த இடத்தை வேறு கட்டுமானத்துக்கு எடுத்தால் பொதுவாக நகராட்சி மாற்று நிலம் தர வேண்டும். இங்கிலாந்திலோ "தற்காலிகம்" என்று வகைப்படுத்திய, அதாவது அலாட்மென்ட்டுக்கென்று வாங்காத நிலத்தில் இருக்கும் தோட்டத்துக்கு 1925 சட்டத்தின் காவல் கிடையாது, அங்கே எத்தனை தலைமுறை தோண்டியிருந்தாலும். பெரிய திட்டம் ஒன்று வந்தால் எதுவும் நிற்காது என்பதற்கு 2012 ஒலிம்பிக்ஸ் பூங்காவுக்காக 2007இல் காலி செய்யப்பட்ட கிழக்கு லண்டனின் மேனர் கார்டன் அலாட்மென்ட் ஒன்றே போதும். மாற்று இடம் கொடுத்தார்கள்தான். ஆனால் பல பத்தாண்டு மட்கை லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா?

தோட்டம் இல்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு அனுமதி கொடுக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பகுதியின் அலாட்மென்ட் காத்திருப்போர் பட்டியலை மேசைமேல் வைக்க வேண்டும் என்பது என் வாதம். அதைக் கவுன்சில் தானாகச் செய்யும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வாக்காளர்கள் அல்லது கவுன்சில் வரி கட்டுபவர்கள் ஆறு பேர் சேர்ந்து அலாட்மென்ட் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும், இது அந்த 1908 சட்டத்திலேயே இருக்கிறது. எழுதும்போது எங்களுக்கு இடம் வேண்டும் என்பதோடு நிறுத்தாமல் மண், வெள்ளம், தேனீ எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள், ஒரு நகலைக் காலநிலைத் திட்டத்தைப் பார்க்கும் குழுவுக்கும் அனுப்புங்கள்.